லெஸ்லியின் பிக்கப்பில் ஒரு சத்தம்

யூன் 29, ஞாயிறு

பூசை முடிந்து தம்பி லெஸ்லி தன் பிக்கப்போடு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் என் வீட்டுக்கு வந்தான். "அண்ணை, ஒரு சத்தம் கேக்குது. ஒருக்கா ஓடிப் பாருங்கோவன்."

எஞ்சினியரிங் படித்துவிட்டு கவுன்சிலில் குப்பைத்தொட்டி முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதும் அண்ணன், இதற்கு மட்டும் நினைவுக்கு வருகிறேன்.

ஓட்டினேன். கீச், கீச் — வேகம் கூடக்கூட நெருக்கமாக. ஓட்டத்தில் கிளச்சை மிதித்தேன், நிற்கவில்லை. கியரைக் கழற்றி உருளவிட்டேன், அப்போதும் கேட்டது. ஆக, கிளச்சும் இல்லை, கியர்பெட்டியும் இல்லை. இடமும் வலமும் வளைத்தேன், மாறவில்லை. சில்லுப் பேரிங்கும் இல்லை. நிறுத்தி, ரிவர்ஸ் போட்டதும் அடியில் ஒரு 'டக்'. தெரிந்துவிட்டது. பின் சில்லுகளைச் சுழற்றும் தண்டின் மூட்டு தேய்ந்துவிட்டது. மோட்டர்வேயில் விட்டுப்போனால் தண்டு கழன்று ரோட்டில் குத்தும்.

"பழைய வண்டி, கத்தத்தான் செய்யும். ஓடு," என்றேன்.

"நீங்கள் சொன்னாச் சரி."

யூன் 30

அம்மா காலமான முப்பத்தோராம் நாள் நினைவு அட்டையில் பிள்ளைகளின் பெயர்களில் அவன் முதலாவது, நான் இரண்டாவது. மூத்தவன் நான். கேட்டதற்கு, "அச்சடிச்சாச்சு அண்ணை, விடுங்கோ" என்றான்.

ஒரு வருடமாகப் போகிறது. விடவில்லை.

யூலை 3, வியாழன்

லெஸ்லியின் மனைவி பிறின்சி போன் எடுத்தாள். ஞாயிறு வோல்சிங்கம் மாதா கோயில் யாத்திரை. "கோயில் கிடாரம், சட்டியெல்லாம் எங்கட பிக்கப்பிலதான் அத்தான். நீங்களும் வாங்கோ, பின் சீற்றில பிள்ளை பெனிற்றாவோட இருக்கலாம்."

சத்தம் எப்படி என்று கேட்டேன்.

"கராஜ்காரன் தூக்கிப் பாக்கிறன் எண்டவன். இவர் விடேல்லை. 'என்ர அண்ணை பாத்திட்டார், அவரை விட உனக்குத் தெரியுமோ' எண்டு அவனோட சண்டைக்குப் போயிட்டார்."

போனை வைத்தேன். பெனிற்றாவும் அந்த வண்டியில்தானே ஏறுவாள் — நான் இதை யோசிக்கவே இல்லையா?

யோசித்தேன். யோசித்தும்தான் 'ஓடு' என்றேன்.

யூலை 4

இரண்டு தரம் போனை எடுத்தேன். தெரிஞ்சும் ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை எண்டு கேட்டால்? வைத்துவிட்டேன்.

யூலை 5, சனி

விடிந்ததும் ஈஸ்ட்ஹாமில் தம்பி வீட்டுக்குப் போனேன். லெஸ்லி கிடாரங்களை ஏற்றிக்கொண்டிருந்தான். "எல்லாத்தையும் இறக்கடா. இந்த வண்டி ஓடக்கூடாது."

அடியில் படுத்துத் தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன். மூட்டைச் சுற்றிச் செந்துரு. பல் ஆடுவதுபோல் ஆடியது.

"ஐயோ! நீங்கள் திரும்ப யோசிச்சு வந்தபடியால் தப்பினம் அண்ணை."

"ஓம்," என்றேன். ஓம்! எப்படி வந்தது அந்தச் சொல்?

சாமான்கள் வாடகை வானுக்கு மாறின.

யூலை 6, ஞாயிறு

வோல்சிங்கம். சோறு போடும் இடத்தில் பிறின்சி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு நின்றாள்: "அத்தான் இல்லாட்டி இண்டைக்கு நாங்கள் இல்லை." கோயில் கமிட்டிக் கிறிஸ்துராஜா என் முதுகில் தட்டினார். "படிச்ச படிப்பு இண்டைக்காவது உதவிச்சுதே!" வேறு நாளென்றால் இதற்காகவே அவரோடு ஆறு மாதம் பேசியிருக்க மாட்டேன். பெனிற்றா தன் அப்பளத்தை என் தட்டில் வைத்தாள்.

மாதாவின் முன்னால் மெழுகுதிரி கொளுத்தினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

யூலை 19, சனி

அம்மாவின் ஆண்டு நினைவு அட்டை. அச்சுக்குப் போகுமுன் லெஸ்லி அனுப்பியிருக்கிறான். என் பெயர் முதலாவது.

நெடுநேரம் பார்த்தேன். பிறகு எழுதினேன்: "உன்ர பெயரை முன்னுக்கே விடு."

"ஏன் அண்ணை?"

"நாளைக்குப் பூசைக்குப் பிறகு வீட்டை வாறன். பிறின்சியையும் இருக்கச் சொல்லு. அந்தச் சத்தத்தைப் பற்றி ஒண்டு சொல்லோணும்."