ஆணி வேண்டாம்

மார்ச் 4

அப்பாவுக்கு,

போனை எடுக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். வேலை பார்க்கும் ஊருக்கு வந்து சேர்ந்தேன். சாப்பிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் கோபம் ஆறவில்லை.

அம்மாவின் அடக்கத்தில் அப்படி ஒரு கூத்து தேவையா? சவப்பெட்டிக் கடைக்காரர் மூடியில் ஆணியை வைத்ததும் சுத்தியலைப் பிடுங்கி, "ஆணி வேண்டாம், இருங்க" என்று பட்டறைக்கு ஓடினீர்கள். போதகர் உட்பட எல்லோரும் வெயிலில் காய்ந்தோம். திரும்பி வந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாக, ஏதோ அலமாரிக்குக் கதவு மாட்டுகிற மாதிரி! கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அங்கேயும் தச்சராகத்தான் நின்றீர்கள்.

உங்கள் மகள்

மார்ச் 11

அன்பு மகளுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். சமைத்துக்கொள்கிறேன், உப்புதான் கைக்குப் பிடிபடவில்லை.

என் திருப்புளியைக் காணோம். கடைசி ஸ்க்ரூ முடிந்ததும், "போதும்ப்பா!" என்று பிடுங்கினாயே, உன் கைப்பையில் பார். அது இல்லாமல் வேலை ஓடவில்லை.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் தொல்லை தாங்கவில்லை. "அம்மா நல்ல இடத்துல இருக்காங்க, சந்தோஷப்படுங்க" என்றார் போதகர். "நீங்க சந்தோஷப்படுங்க ஐயா, நான் கொஞ்சம் கோபப்பட்டுக்கறேன்" என்று அனுப்பிவிட்டேன்.

அப்பா

மார்ச் 17

அப்பா,

திருப்புளி என்னிடம்தான் இருக்கிறது. நான் என்ன எழுதினேன், நீங்கள் என்ன கேட்கிறீர்கள்! ஏன் ஆணி கூடாது என்று சொல்லுங்கள், அதுவரை தரமாட்டேன். போதகர் நல்ல இடம் என்கிறார்; நர்ஸ் வேலையில் இறந்துபோன எத்தனையோ பேரின் கண்களை மூடியிருக்கிறேன். ஒன்றுகூடத் திரும்பத் திறந்ததில்லை.

மகள்

மார்ச் 24

அன்பு மகளுக்கு,

உன் பிடிவாதம் அப்படியே உன் அம்மாதான்.

பட்டறையில் என் வழக்கம் இது: இனி திறக்கவே போவதில்லை என்றால் ஆணி. ஒருநாள் திறக்க வேண்டும் என்றால் ஸ்க்ரூ. கர்த்தர் எழுப்பும் நாள் ஒன்று வரும் என்று நானும் அவளும் நம்பினோம். பிறகு எப்படி ஆணி அடிப்பேன்? அவருக்குத் திருப்புளி தேவையில்லை, தெரியும். பெட்டி மக்கிப்போகும், அதுவும் தெரியும். மரத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுக்காதே. எனக்குக் கையால்தான் சொல்ல வரும்.

அழவில்லை என்கிறாய். கண் கலங்கினால் ஸ்க்ரூ தலையில் இருக்கும் வெட்டு தெரியாது. வீட்டுக்கு வந்து அழுதேன், இன்னும் அழுகிறேன். நம்பிக்கை இருந்தால் வலிக்காது என்று யார் சொன்னது? "என்னை முதல்ல கூப்பிட்டிருக்கலாமே" என்று கர்த்தரோடு தினமும் சண்டைதான். ஆனாலும் அவளைத் திரும்பப் பார்ப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திருப்புளியை அனுப்பு.

அப்பா

ஏப்ரல் 2

அன்பு அப்பாவுக்கு,

திருப்புளி வராது. அதை நானே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் அளவு நம்பிக்கை எனக்கு இல்லை. இருக்கிறது என்று சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனால் நேற்று வார்டில் ஒரு பெரியவர் போய்விட்டார். அவர் கண்களை அழுத்தாமல், தூங்குகிறவருக்குப் போர்த்திவிடுகிற மாதிரி மூடினேன். ஏன் என்று தெரியவில்லை.

என் சமையலறை அலமாரிக் கதவு கழன்று தொங்குகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிளம்பி வாருங்கள். நான் திருப்புகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று திட்டுங்கள். என் கை பழக வேண்டும் அப்பா. உங்கள் முறை மெதுவாகவே வரட்டும். வரும்போது உங்கள் பெட்டிக்கு யாரையும் ஆணி எடுக்க விடமாட்டேன்.

உங்கள் மகள்