எல்லோரும் ஏறிய பஸ்

என் செல்லக் கழுதைக்கு,

இங்கே எல்லோரும் நலம், உன் தம்பிக்கு மட்டும் சளி, அதுவும் இறங்கிவிட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் படுத்தாயிற்று, எனக்குத்தான் வேலையிடத்தில் பார்த்த கூத்தில் குமட்டல் அடங்கவில்லை, உன்னிடம் கொட்டாமல் தூக்கம் வராது.

ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இந்த வருஷம் ஒரே ஒரு இன்டர்ன்ஷிப் இடம். நேர்காணலில் மேனேஜர் என்னையும் உட்கார வைத்தார். உனக்கும் வியாழக்கிழமை இதே பாடுதானே, பார்த்து வைத்துச் சொல்லலாம் என்று ஆசையாகத்தான் போனேன். சிக்கலான நேரத்தைச் சமாளித்த அனுபவம் உண்டா என்று கேட்டோம். நடுவழியில் பஸ் நின்றுவிட்டது, பயணிகளை ஒன்று சேர்த்து வேறு வண்டி பிடித்தேன் என்றான் முதல் பையன். பரவாயில்லையே என்று நினைத்தேன். அடுத்த பெண்ணுக்கும் பஸ் நின்றது. அதற்கடுத்தவனுக்கும் நின்றது, அவன் பஸ்ஸில் ஒரு கர்ப்பிணி வேறு. மற்றபடி வார்த்தை மாறாமல், அதே இடத்தில் மூச்சு விட்டு, அதே இடத்தில் சிரித்து, சீ என்று ஆகிவிட்டது. மேனேஜர் என் பக்கம் சாய்ந்து, "ஏம்மா, டிரைவரைத் தவிர அந்த பஸ்ல வந்த எல்லாருமே இங்கதான் அப்ளை பண்ணிட்டாங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன ஞாயிறு நீ போனில் ஒப்பித்துக் காட்டியதும் அதே பஸ், அதே கர்ப்பிணிதானே. ஸ்பீக்கரில் கேட்டு உன் அப்பாவும் நானும் பூரித்துப் போனோமே, பக்கத்து வீட்டு டீச்சரிடம் பீற்றிக்கொண்டு வேறு வந்தேன். இதைச் சொல்லிக்கொடுக்க நீங்கள் எல்லோரும் போகிற ஒரு பயிற்சி வகுப்பு, அதற்குக் கோட்டு மாட்டிய ஒரு மனுஷன். ஒரே எச்சில் தட்டை எல்லாப் பிள்ளைகளுக்கும் நீட்டுகிறான், நீங்களும் வாயைத் திறக்கிறீர்கள். காலேஜுக்கு நீ போவதே சைக்கிளில், வெட்கமாக இல்லையா?

கடைசியாக வந்த பெண் மட்டும் வேறு மாதிரி. வெளியே காத்திருந்தபோது எல்லாம் காதில் விழுந்திருக்கும். "எனக்கு பஸ்ஸெல்லாம் இல்ல சார். லேப்ல ஒரு மீட்டரை எரிச்சுட்டேன், யாரும் பாக்கல. மறுநாள் நானே போய்ச் சொல்லி, சரி பண்ணக் கத்துக்கிட்டேன்" என்றாள். திக்கித் திணறித்தான் சொன்னாள். இடம் அவளுக்குத்தான்.

உனக்கா சொல்ல ஒன்றுமில்லை? வாஷிங் மெஷினைக் கழற்றி மாட்டி, மிஞ்சிய திருகாணியைப் பென்சில் டப்பாவில் ஒளித்தாயே, மெஷின் ஆடிக்கொண்டே சமையலறை வாசல்வரை நடந்து வந்ததே. அன்று நான் உன்னைத் திட்டாத திட்டில்லை. ஆனால் அந்தத் திருகாணியின் இடம் அகப்படும்வரை தரையில் குப்புறக் கிடந்தது நீதான், கோட்டுக்காரன் இல்லை. அதைச் சொல், திக்கினாலும் சொல். உனக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று எனக்கும் பதறத்தான் செய்கிறது, ஆனால் அந்த பஸ் கதையால் கிடைத்தால் என்னால் விழுங்க முடியாது.

நல்லபடியாக இரு, போகிற இடத்தில் உனக்கு நல்லதே நடக்கட்டும். வெள்ளைச் சட்டையை முந்தின நாளே இஸ்திரி போட்டு வை. பஸ் வந்து நின்றால் ஏறாதே.

இன்னும் கோபம் தணியாத,
அம்மா