குரல் முதல், காசு பிறகு

திங்கள்

காலையிலேயே வெயில். மோட்டார் சைக்கிள் செயின் தளர்ந்து கிடக்கிறது. புதுக்குடியிருப்பில் காசு எடுக்கப் போனேன். இயந்திரம் அட்டையைத் துப்பியது. மூன்றாம் தரமும்.

உள்ளே வரிசை. முன்னால் நின்றவர்: "கறுப்புக்காசைக் கண்டும் காணாம இருந்ததெண்டு கொழும்பில இந்தப் பாங்குக்குத் தண்டம் அடிச்சிட்டாங்கள். இப்ப எல்லாரையும் தோண்டுறாங்கள்."

பின்னால் ஒருவர்: "தண்டம் அவைக்கு, பூட்டு எங்களுக்கோ?"

என் கணக்கும் பூட்டு. காரணம் தெரியும். ஃபோன் கடை ரூபன் அண்ணையின் உண்டியல் வேலை. வெளிநாட்டில் பிள்ளை அங்கே ஒருவரிடம் காசு கொடுப்பான். இங்கே யாரோ என் கணக்கில் போடுவார்கள். நான் எடுத்து வீடு வீடாகக் கொடுப்பேன். ரசீது கிடையாது. வாங்கியவர் என் ஃபோனில் "கிடைச்சுது" என்று சொல்ல வேண்டும். அந்தக் குரல் போய்ச் சேர்ந்தால் விஷயம் முடிந்தது.

விசுவமடு சரோ அக்காவின் வளவில் சிக்னல் இல்லை. நேற்றுச் சந்தையில் கண்டபோதே குரலை வாங்கி வெளிநாட்டில் இருக்கும் அவர் மகனுக்கு அனுப்பிவிட்டேன். காசு நாளைக்கு என்றேன். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். கணக்குச் செய்யமுன் விடையை எழுதுவேன்.

செவ்வாய்

புழுக்கம். ஃபோன் கடைக்குப் போனேன். ரூபன் அண்ணை கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு:

"குரல் அனுப்பியாச்செல்லோ? பிறகென்ன?"

"காசு குடுக்கேல்லை அண்ணை."

"அவா கேட்டா அந்தக் குரலைப் போட்டுக் காட்டு. பாங்கில கேட்டா கச்சான் கடலை வித்த காசெண்டு சொல்லு. என்ர பேர் வந்துது, துலைஞ்சாய்."

புதன்

விசுவமடு. செயின் இரண்டு தரம் கழன்றது. சரோ அக்கா படலை வாசலிலேயே பிடித்தார். தண்ணீர் மோட்டர் வாங்க மகன் அனுப்பிய காசு. தோட்டத்தில் கச்சான் இலை சுருண்டு கிடக்கிறது.

"சந்திக்குப் போய் ஃபோன் எடுத்தா, 'கிடைச்சுதெண்டு நீங்கள்தானே சொன்னியள் அம்மா' எண்டு பிள்ளை என்னோட சண்டை. நான் பொய்காரியோ? கள்ளா!"

வீதியால் போன ட்ரக்டர்க்காரன் நிறுத்தி எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றான்.

குரல் ஃபோனில் இருந்தது. ஒரு தட்டு போதும். தட்டவில்லை.

"கணக்கைப் பூட்டிட்டாங்கள். நாளைக்கு என்னோட பாங்குக்கு வாங்கோ அக்கா."

வியாழன்

பாங்கில் மேசைக்குப் பின்னால் ஒரு மிஸ். தாளை நீட்டினார்.

"விளைச்சல் வித்த காசெண்டா சிட்டை கொண்டுவாரும். மற்றாக்களின்ர காசெண்டா அதை எழுதும். ஆனா அது கொழும்புக்குப் போகும். விசாரணைக்குக் கூப்பிடுவினம்."

அக்கா என் காதுக்குள்: "டேய், உன்னைப் பிடிச்சுக்கொண்டு போவாங்களோ?"

"தெரியாது."

"அப்ப கச்சான் எண்டே எழுது. சிட்டை நான் எங்கயாவது எடுத்துத் தாறன்."

"அவங்கள் தோண்டினா நீங்களும் மாட்டுவியள். உங்கட கச்சான் இன்னும் நிலத்துக்கயெல்லோ கிடக்கு."

அக்கா தாளை என் பக்கம் தள்ளினார்.

எழுதினேன். இது சரோ அக்காவின் காசு. அவர் கைக்கு இன்னும் போகவில்லை. அடுத்த கோடு: யார் மூலம் வந்தது? பேனை நின்றது. ஃபோன் அதிர்ந்தது. ரூபன் அண்ணை.

அக்கா எட்டிப் பார்த்தார்.

"எடுக்காத. எழுதி முடி."