தண்டனை முடியும்வரை

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் முதுகுவலி எப்படி? குற்றவியல் நீதிப் படிப்பு ஒருவழியாக முடிந்துவிட்டது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் போலீசுக்குப் போகிறார்கள். ஒருத்தி தடயவியல் ஆய்வுக்கூடத்துக்கு. எனக்கு நன்னடத்தை அதிகாரி வேலை வந்திருக்கிறது. சிறையிலிருந்து வருபவர்கள் மறுபடி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உன் வழக்கில் யார் என்ன பேசுகிறார்கள் என்றே புரியாமல் கோர்ட்டில் முழித்தோமே, அதனால்தானே இதில் சேர்ந்தேன்.

நேர்முகத் தேர்வில் உன்னைப் பற்றி மறைக்கவில்லை. தேர்வு நடத்திய பெண் அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, "வேலை உங்களுக்குத்தான். ஆனா அண்ணன் தண்டனை முடியிறவரைக்கும் பார்க்கக் கூடாது, எழுதவும் கூடாது" என்றார். இன்னும் ஆறு வருஷம், அண்ணா. வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன்.

உன் வாயாடி

மார்ச் 11

வாயாடிக்கு,

முதுகு பரவாயில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு தலைதான் வலிக்கிறது.

பக்கத்துப் படுக்கைக்காரர் விடுதலையாகிப் போனார். ஒரே வாரத்தில் திருட்டுக் கேஸில் திரும்பி வந்துவிட்டார். வெளியே படுக்க இடமில்லையாம். அவருக்கு வாய்த்த அதிகாரி நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம். நீ பார்ப்பாய். வேலையில் சேர்.

அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

ஊருக்கு உபகாரம் செய்ய நான் படிக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் நீ சிரித்தால்தான் எனக்கு அந்த வாரம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

வாயாடி

மார்ச் 20

தங்கைக்கு,

நீ வாசல்வரை வந்து திரும்பியது தெரியும். உன்னை உள்ளே விட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். காவலர் நம்பாமல், "சொந்தத் தங்கச்சியையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடைபட்டவன் நான் ஒருவன் போதும். இனி எழுதாதே. கடிதம் வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

அண்ணன்

மார்ச் 29

அண்ணா,

நீ பிரிக்காவிட்டாலும் எழுதுகிறேன். நாளை வேலையில் சேர்கிறேன். அதன்பின் முடியாது. அத்தனை பேர் முன்னால் என்னை வாசலில் நிற்க வைத்தாயே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

என் அறையைக் காட்டினார்கள். ஜன்னல் கிடையாது. வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியைத் தரையோடு சேர்த்து முடுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து பார்த்தேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

அம்மாவுக்குத் தடை இல்லை, உன்னைப் பார்க்க வருவாள். நீ பேசியதை அவள் என்னிடம் சொல்லக் கூடாதுதான். ஆனால் சமையலறையில் அவள் தனக்குத்தானே பேசிக்கொள்கிறவள், உனக்குத் தெரியாதா? நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

தங்கை