கறுப்பியின் அடியில் கிடந்த தூள்

அக்கா, இன்று காலை ஆற்றோரம் போனேன். நம் கறுப்பியின் அடியில் மரத்தூள் கிடந்தது. தண்டில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. யாரோ துளைபோட்டுப் பார்த்திருக்கிறார்கள். அடியில் கிடந்த தூள் வெள்ளை, அதன்மேல் கிடந்தது கறுப்பு. ஒரு சிட்டிகையை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடி வந்தேன்.

நீ கண்மூடி மூன்று வருஷமாகிறது. வேறு யாரிடம் சொல்வேன்?

தோட்டத்து நாற்றுமேடையில் நாம் ஒன்றாக வேலை செய்த நாளில்தான் அந்த மரத்தை எனக்குக் காட்டினாய். "இலையப் பாத்து ஏமாந்துடாத. காயப் பாரு, கத்தரிக்காய்க்கு இருக்கிற மாதிரி தொப்பி இருக்கும்." பேர் கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, "கறுப்பின்னு சொல்லு, போதும்" என்றாய்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. வேலைநிறுத்தத்தின்போது, காய்ச்சலில் கிடந்த மகனுக்கு மருந்து வாங்க வழியில்லாமல் நீ மட்டும் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுத்தாய். அன்றிலிருந்து லயத்துச் சனமே உன்னைக் கருங்காலி என்றது. மரத்துக்கும் அதே பேர். இனி அந்தச் சொல்லை வாயால் எடுக்க மாட்டேன் என்று உன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

தேயிலைக் கன்றுக்கு வந்த பைகளில் மிஞ்சியதை எடுத்துக் கறுப்பியின் விதையைப் போட்டாய். பாதிகூட முளைக்கவில்லை. முளைத்ததை ஆற்றோரம் நட்டோம். அவை இன்றும் என் இடுப்புயரம்தான், அக்கா. அவ்வளவு சோம்பேறி மரம்! கச்சான் காற்றில் பெரிய மரத்தின் கிளை ஒன்று முறிந்தபோது, அதன் நடுவிலிருந்த கறுப்பைச் செதுக்கி என் மத்துக்குக் காம்பு போட்டுத் தந்தாய். "உள்ள கறுத்திருக்கிறது வெளிய தெரியாது. அதுதான் அதுக்குக் காவல்" என்றாய்.

அந்தக் காவலை நான்தான் கெடுத்தேன்.

போன மாதம் மகளைப் பெண்பார்க்க வந்தவர்களோடு பண்டாரவளையிலிருந்து ஒருவர் வந்தார். சமையல்கட்டில் தொங்கிய மத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடையில வாங்கினதாம்மா?"

"கடையில எங்கங்க கிடைக்கும்? எங்க ஆத்தோரம் நிக்குது."

"தண்டு எவ்வளவு மொத்தம் இருக்கும்?"

பெருமை, அக்கா. வந்த இடத்தில் நம்மை லேசாக நினைத்துவிடக் கூடாதென்ற பாழாய்ப்போன பெருமை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

துளையைக் களிமண்ணால் அடைத்துவிட்டேன். அதனால் என்ன ஆகப்போகிறது? தெரிய வேண்டியது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இதை எழுதும்போதுகூட எங்கோ வாள் மெஷின் சத்தம் கேட்பதுபோல் இருக்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. மறுபடி உட்கார்கிறேன்.

பதினொரு மணி பஸ்ஸில் பதுளைக்குப் போய் வன இலாகாக் கந்தோரில் சொல்லப்போகிறேன். சொன்னது நான் என்று தெரிந்தால் அவர்கள் என்ன செய்வார்களோ, மகள் கல்யாணம் என்ன ஆகுமோ, பயமாகத்தான் இருக்கிறது. நான் திரும்பி வரும்வரை அது நிற்குமா என்பது அதைவிடப் பெரிய பயம். தூள் முடிச்சு முந்தானையிலேயே இருக்கிறது.

என்ன மரம் என்று கேட்பார்கள். யார் காட்டிக்கொடுத்தது என்றும் கேட்பார்கள். உன்மேல் செய்த சத்தியத்தை உடைத்து அந்தச் சொல்லை இன்று சொல்ல வேண்டும், அக்கா. இரண்டு கேள்விக்கும் அது ஒன்றுதான் பதில்.