இரண்டாவது பூட்டின் சாவி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. என் மேல் கோபம் மட்டும் குறையவில்லை, அதற்கு மருந்தும் இல்லை. கிளைக்கடையில் விற்பனை பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். வெந்நீர்க் குழாயை மட்டும் வாங்கி அடுக்காதே, வெயில் காலம் வருகிறது.

உன் கடிதத்தின் பின்பாதிக்கு வருகிறேன். கடைத்தெரு வியாபாரிகள் சங்கத் தலைவர் தேர்தலில் நூல்கடையம்மாவிடம் நான் தோற்று ஐந்து மாதமாகிறது. "நீ ஒண்ணும் பண்ண வேணாம்ணே, சும்மா இரு. அந்தம்மா திட்டம் தானா கவுந்துடும், நாற்காலி உன்னைத் தேடி வரும்" என்கிறாய். நடக்கக்கூடியதுதான். எப்படிக் கவிழும் என்றுகூட எனக்குத் தெரிந்திருந்தது.

பகலில் கடைத்தெருவுக்குள் லாரி வரக் கூடாது, காலை எட்டுக்குள் பின்சந்து வழியாகச் சரக்கை இறக்கிவிட வேண்டும், இதுதான் திட்டம். முதலில் கேட்டுச் சிரித்தவன் நான்தான். ஆனால் போன மாதம் ஒருவர் புது வீடு முழுமைக்கும் குழாய் வாங்க வந்தார். நம் வாசலை அடைத்துக்கொண்டு நம் லாரியே நின்றது. காரைத் திருப்பிக்கொண்டு புறவழிச்சாலைப் பெரிய கடைக்குப் போய்விட்டார். கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு ஒருநாள் அந்தம்மா பின்சந்தில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். அகலத்தை அளந்தார், வளைவை அளக்கவில்லை. நூல்கண்டு எந்த வளைவிலும் திரும்பும், இருபதடிக் குழாய் திரும்புமா? எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் உன் யோசனைப்படிதான் நடந்தேன் என்று வைத்துக்கொள்.

நாலாம் நாள் பொறுக்கவில்லை. நானும் நம் விற்பனையாளரும் ஒரு குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அவர் கண் முன்னாலேயே வளைவில் திருப்பிக் காட்டினோம். நம் கிடங்கின் மூலைச் சுவரில் இடித்து நின்றது. அவர் முகம் சுருங்கவில்லை. "நல்லவேளை இப்பவே காட்டினீங்க. என்ன பண்ணலாம்ணே?" என்றார். சுவரைப் பார்த்தேன். மூன்றடி வெட்டினால் போதும்.

நம் சங்க வழக்கம் உனக்குத் தெரியும். இடம் தருகிறவன் அந்த இடத்தின் சாவியை மேசையில் வைக்க வேண்டும். வெறும் வாய்வார்த்தையைத் தீர்மானத்தில் எழுத மாட்டார்கள். நான் கொண்டுவந்த வழக்கம். நேற்றுக் கூட்டத்தில், வெட்ட வேண்டிய சுவர் இருக்கும் நம் கிடங்கு மூலை அறையின் சாவியை வைத்தேன். "தோத்தவரே கொடி பிடிக்கிறாருப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. தலைவி நாற்காலியில் இருந்த நூல்கடையம்மா மட்டும் சிரிக்காமல், "அந்த அறைக்கு ரெண்டு பூட்டாச்சே?" என்றார்.

பித்தளைச் சரக்கு வைத்த காலத்தில் ஆளுக்கொரு சாவி என்று போட்டோமே, அந்தப் பூட்டு. இரண்டாவது சாவி உன்னிடம். பூட்டுக்கடைக்காரர் எழுந்து, "சொல்லுங்கண்ணே, ரெண்டே நிமிஷம், தொறந்து தர்றேன்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அது என் தம்பியின் பூட்டு. செவ்வாய்க்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு மேசையில் இரண்டு சாவி இல்லாவிட்டால் திட்டம் நின்றுபோகும். நீ சொன்னபடி நாற்காலியும் வரும். உட்காரலாம், கடைத்தெருவுக்கு யார் வருவார்கள்?

அந்தச் சுவருக்கு நீயும் நானும் செங்கல் சுமந்தோம். மறக்கவில்லை. சாரத்திலிருந்து நீ விழுந்தது கூட ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்று. எட்டு வருஷம் நான் தலைவனாக இருந்தேன். நாற்காலி அடுக்கியதும், முறைத்துக்கொண்டு போனவர்களை வீடு தேடிப் போய் அழைத்து வந்ததும் நீ. மாலை என் கழுத்தில் விழுந்தது. ஒருநாள்கூட நீ முகம் கோணவில்லை. பின்னால் நிற்பது இத்தனை பெரிய வேலை என்று எனக்கு இந்த ஐந்து மாதத்தில்தான் தெரிகிறது. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

சரக்கு லாரி திங்கள் காலை அங்கிருந்து கிளம்புகிறது. சாவியை ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பு. கோபம் இருந்தால் கோபத்தோடேயே அனுப்பு, பரவாயில்லை. லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை காலிதான். நீயே கொண்டுவந்தால் உன் அண்ணி எனக்கும் நல்ல சாப்பாடு போடுவாள்.

நீயும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அண்ணன்