அவர்கள் கூப்பிட்ட பெயர்

மழை விட்டு இன்றுதான் பதுளையில் நல்ல வெயில். கம்பளிகளைக் காயப்போடப் பெட்டியைத் திறந்தேன். அடியில் உங்கள் ஆட்டுத்தோல் கிடந்தது. பிரீமேசன் என்ற அந்த ரகசியச் சங்கத்தில் துரைமாரோடு சரிசமமாக நின்று நீங்கள் இடுப்பில் கட்டிக்கொண்ட வெள்ளைத் தோல். கற்பூரத்தையும் மீறி அதன் வாசம் முகத்தில் அடித்தது. எத்தனை வருஷம் போனாலும் அந்த வாசத்துக்கு என் வயிறு எரியத்தான் செய்கிறது.

கடைவீதியில் உங்கள் சங்கக் கட்டடத்தைப் பேய் பங்களா என்றார்கள். எனக்கு அது சக்களத்தி வீடு. சக்களத்தி என்றாலாவது முகம் தெரியும், வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஐந்தாம் வகுப்பு படித்தவள் நான். நம் கடைக்கு வரும் கடிதங்களை உங்களுக்கு முன்பே வாசித்துவிடுவேன். உங்களிடம் எனக்குத் தெரியாதது அந்தச் சங்கத்தில் நடப்பது ஒன்றுதான்.

மூத்தவனுக்கு ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் வேலை கிடைக்கக் கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டேன். துரை அவனைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். பிறகு நீங்கள் கூடப் போனீர்கள்.

"அம்மா, அப்பா கையைக் குலுக்கினதும் தொரை மொகமே மாறிருச்சு. உக்காரச் சொல்லிட்டாரு" என்றான் மகன்.

சந்தோஷத்தில் பாயசம் வைத்தேன். ஆனால் நீங்கள் சாப்பிடும்போது உங்கள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தாலி கட்டிய கை. யாரோ ஒரு துரைக்கு அதில் தெரிந்த சங்கத்து அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

"அப்படி என்னதாங்க அங்க பேசிக்கிறீங்க?"

"சத்தியம் பண்ணியிருக்கேன் புள்ள."

"பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லக் கூடாதா?"

"சரி, சொல்றேன். மொதல்ல நீ எம் பேரைச் சொல்லு."

புருஷன் பெயரை எவள் வாய்விட்டுச் சொல்வாள்? பாயசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

"பாத்தியா. நீ ஒண்ணு வச்சிருக்க, நான் ஒண்ணு வச்சிருக்கேன்" என்று சிரித்தபடி கை கழுவப் போனீர்கள்.

சரிக்குச் சரி என்று நானும் தேறிக்கொண்டேன். உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று அந்த ஆறுதலும் போயிற்று. பண்டாரவளையிலிருந்துகூடத் துரைமார் வந்தார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைமாட்டில் நின்று, "சகோதரா" என்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஒருவர் பின் ஒருவராக. எனக்கு அழுகையே நின்றுவிட்டது. அவர்களுடைய ரகசியம் அவர்களிடமே இருந்தது. என்னுடையதை மட்டும் எத்தனை சுலபமாக எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு சங்கத்திலிருந்து தோலைக் கேட்டு ஆள் வந்தது. "ஐயாவோட பெட்டிச் சாவியக் காணோம்னு சொல்லுப்பா" என்றேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

நம் மகள் தன் பிள்ளைக்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறாள். தெருவே அவனை அப்படிக் கூப்பிடுகிறது. நான் மட்டும் "பெரியவரே" என்கிறேன். இன்று தோலை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தபோது அவள் கேலி செய்தாள்.

"அப்பா போயி இத்தன வருஷமாச்சு. இன்னுமாம்மா பேர் சொல்ல மாட்டீங்க?"

"சத்தியம் பண்ணியிருக்கேன் புள்ள" என்றேன்.

நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. நானும் சொல்வதாக இல்லை.